பதினொரு தொட்டிகள்

நம் இல்லத்துக்கு முதன்முறையாக வருகை தரும் நண்பர்கள், மொட்டை மாடிக்கு ஏறி வந்ததும் ஒரு கணம் தயங்கி நிற்பது வழக்கம். ஒருபுறம் உக்கடம் பெரியகுளத்தின் நீர்ப்பரப்பு; மறுபுறம் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் திறக்கப்பட்ட மேம்பாலம். இவ்விரண்டுக்கும் நடுவே அமைந்த மாடியில் ரோஜாவும் மல்லிகையும் பூத்துக் குலுங்கும் என்று எண்ணி வந்தவர்களின் கண்ணிற்படுபவை கற்றாழையும், கள்ளியும், பிரண்டையும், இன்னும் பெயர் விளங்காத சில முட்செடிகளுமேயாகும்.

"பூச்செடி ஒண்ணும் வைக்கலீங்களா பாய்?" என்று கேட்பார் ஒருவர். "முள்ளுச் செடி வீட்டுக்கு ஆகாதும்பாங்களே!" என்று தணிந்த குரலில் எச்சரிப்பார் மற்றொருவர். இருவருக்கும் நாம் புன்னகையையே விடையாகத் தருவோம். விடை சொல்லத் தொடங்கினால் அது நீளும். அதில் நமது அறியாமையைப் பற்றிய வாக்குமூலமும் இடம்பெற வேண்டியிருக்கும். அந்த வாக்குமூலத்தை இன்று வாசக அன்பர்களின் முன் வைத்துவிடலாம் என்று துணிந்துள்ளோம்.

நமது அன்னையார் தாராபுரத்தை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர்கள். மழையை நம்பிய மேட்டு நிலமும், நாலைந்து வெள்ளாடுகளுமே அவர்களின் பிறந்தகத்துச் சொத்து. உக்கடத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, தம்முடன் ஒரு செடியின் துண்டைத் துணியில் முடிந்து கொணர்ந்தார்களாம். அது கள்ளிமுளையான். இலையற்றுச் சதைப்பற்றான நான்குமுகத் தண்டாக, வேலியோரத்து முட்புதரின் நிழலில் ஒடுங்கி வளரும் எளிய பூண்டு. மழையில்லாத ஆண்டுகளில் ஆடு மேய்க்கச் சென்ற சிறுமியான அவர்கள், அதை ஒடித்து உப்பிட்டுத் தின்று பசியாறியதுண்டு. "பசியே தெரியாம அடக்கிப்போடும்" என்று அவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தப் பூண்டுக்குப் பசியை மந்தப்படுத்தும் இயல்பு உண்டென்று இக்காலத்தில் மேனாடுகளில் மாத்திரையாகச் செய்து விற்கிறார்கள். பசித்தவள் பசியை மறக்கத் தின்றதை, உண்டு கொழுத்தவர் உடல் மெலியத் தின்கிறார்கள்! காலத்தின் விந்தைதான் என்னே!

அந்த ஒரு துண்டிலிருந்து தொடங்கிய அன்னையாரின் தோட்டம், காலப்போக்கில் பதினொரு தொட்டிகளாக வளர்ந்தது. சோற்றுக் கற்றாழை இரண்டு; பாலைவன ரோஜா இரண்டு; பிரண்டை, ரணகள்ளி, ஓமவல்லி, மருள், திருகுக்கள்ளி, கிறிஸ்துமுள், கள்ளிமுளையான் என்று வகைக்கொன்றாக ஏழு. தொட்டி என்று சொன்னோமேயன்றி, அவற்றுட் பாதி, எண்ணெய்த் தகரங்களும், உடைந்த மண்பானைகளும், மீன் கடையிலிருந்து வந்த தெர்மோகோல் பெட்டிகளுமே.

அவற்றுக்கு அன்னையார் நீர் வார்த்ததை நாம் அதிகம் கண்டதில்லை. காலையில் மாடிக்குச் செல்வார்கள். ஒவ்வோர் இலையாகத் தொட்டுப் பார்ப்பார்கள். பெரும்பாலான நாட்களில் செம்பைக் கவிழ்க்காமலே இறங்கிவிடுவார்கள். ஒருமுறை காரணம் கேட்டோம். "நாமா ஊத்தக் கூடாது தம்பி. அது கேக்கும். கேக்கறப்ப ஊத்துனாப் போதும்" என்றார்கள். செடியாவது கேட்பதாவது என்று அன்று நாம் நகைத்தோம்.

பிழைப்பின் பொருட்டு நாம் மஸ்கட்டில் இருந்த காலத்தில், 2009-ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில், அன்னையார் வபாத்தான செய்தி வந்தது. நாம் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. முகம் பார்க்கவும் கொடுத்து வைக்கவில்லை. வீட்டில் அவர்களுடையதென்று எஞ்சியிருந்தவை ஒரு தஸ்பீஹ் மணி, இரண்டு சேலைகள், மாடியில் இந்தப் பதினொரு தொட்டிகள்.

பெற்றவளுக்குச் செய்யத் தவறியதையெல்லாம் அத்தொட்டிகளுக்குச் செய்து தீர்த்துவிடலாம் என்று நம் பேதை மனம் எண்ணியது போலும். காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம் என்று நாள் தவறாமல் நீர் வார்த்தோம். ஐப்பசி, கார்த்திகை மழையும் தன் பங்குக்குப் பெய்துகொண்டிருந்தது. மழை பெய்த நாளிலும் நாம் விட்டோமில்லை. கற்றாழை மடல் மஞ்சளித்தபோது தாகத்தால் வாடுகிறதென்று கருதி, இன்னும் ஒரு செம்பு கூட ஊற்றினோம். பாலைவன ரோஜா இலையுதிர்த்தபோது எரு வாங்கி வந்து இட்டோம்.

நாற்பது நாட்களுக்குள் ஏழு தொட்டிகள் வெறுமையாயின. திருகுக்கள்ளி அடியில் கறுத்துச் சாய்ந்தது. மருளைத் தொட்டதும் கையோடு வந்தது. வேர் இருந்த இடத்தில் நாற்றமெடுத்த கூழ். பாலைவன ரோஜாவின் பருத்த அடித்தண்டை அழுத்தினால், அழுகிய கிழங்கைப் போல் உள்வாங்கியது. கிறிஸ்துமுள்ளும் ஒரு கற்றாழையும் போயின. கள்ளிமுளையானோ ஒரே இரவில் உருகியது போல் மண்ணோடு மண்ணாகிவிட்டது. அன்னையார் பிறந்த மண்ணிலிருந்து வந்து, உக்கடத்து மாடியில் எத்தனையோ கோடைகளைத் தாங்கிய அந்தப் பூண்டு, நமது கையால் நாற்பது நாளைத் தாங்கவில்லை.

சின்னம்மா மாடிக்கு வந்து பார்த்தார்கள். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "வெயில்ல காஞ்சு கெடந்தப்பக்கூட ஒண்ணும் ஆகாத செடிங்கடா தம்பி. உன்ற பாசத்துக்குத்தான் செத்துப்போச்சுது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்கள்.

எஞ்சிய கற்றாழை ஏன் பிழைத்தது என்று ஆராய்ந்தோம். அது நின்ற எண்ணெய்த் தகரத்தின் அடி முழுவதும் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. நாம் ஊற்றிய நீரெல்லாம் அப்படியே கீழே வழிந்தோடிவிட்டது. கேட்பாரற்ற ஓட்டைத் தகரம் காத்த உயிரை, பார்த்துப் பார்த்துச் செய்த நமது பரிவு காக்கவில்லை!

* * *

அன்றிலிருந்துதான் இச்செடிகளைப் பற்றி நாம் கற்கத் தொடங்கினோம்.

சதைப்பற்றுள்ள செடிகள் இலையிலோ தண்டிலோ வேரிலோ நீரைச் சேமித்து வைத்துக்கொண்டு, மழையற்ற காலத்தைக் கடப்பவை. மற்றச் செடிகள் பகலில் இலைத் துளைகளைத் திறந்து காற்றிலுள்ள கரிவாயுவை உட்கொள்ளும். அப்போது ஈரம் ஆவியாகி வெளியேறும். இவையோ பகல் முழுவதும் துளைகளை இறுக மூடிக்கொண்டு, வெயில் தாழ்ந்து காற்றுக் குளிர்ந்த இரவில்தான் திறக்கின்றன. இரவில் உண்ட வாயுவைப் புளிப்பு அமிலமாக மாற்றிச் சேர்த்து வைத்து, மறுநாள் பகலில், மூடிய கதவுக்குள்ளேயே, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கின்றன.

இந்த இரகசியத்தின் முதல் தடயங்களுள் ஒன்றைக் கண்டு சொன்னவர், சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்த பெஞ்சமின் ஹைன் என்ற தாவர நூல் வல்லார் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். ரணகள்ளியின் இலையை அவர் விடியலில் சுவைத்துப் பார்த்தார்; கடும் புளிப்பாயிருந்தது. நண்பகலில் சுவைத்தார், புளிப்பைக் காணோம். இந்தப் புதுமையை அவர் எழுதியனுப்பிய கடிதம் இலண்டன் லின்னேயஸ் கழகத்தின் வெளியீட்டில் 1815-ஆம் ஆண்டு அச்சேறியது. அதன் முழுக் காரணத்தை அறிவியல் விளங்கிக்கொள்ள மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நம் அன்னையார் மாடியில் வளர்த்த அதே ரணகள்ளிதான்! நாமும் ஒரு விடியலில் நகக்கண் அளவு கிள்ளி நாவில் வைத்து உமிழ்ந்து பார்த்தோம். நண்பகலில் மறுபடியும் பார்த்தோம். ஹைன் துரை பொய் சொல்லவில்லை.

இதிலிருந்து விளங்குவது என்ன? இச்செடியின் வேருக்கு இடையறாத ஈரம் பழக்கமில்லை. மழை பெய்ததும் பருகி, விரைவில் உலரும் மண்ணில் மூச்சு விட்டுப் பழகியது அது. மண்ணின் இடுக்குகளெல்லாம் நீரால் அடைபட்டால், வேர் மூச்சுத் திணறி அழுகும்; அழுகிய வேருக்கு நீரை உறிஞ்சும் ஆற்றல் இல்லை; ஆகவே இலை வாடும். வாடிய இலையைக் கண்ட நாம், தாகமென்று கருதி மேலும் ஊற்றுவோம். நோயும் தாகமும் ஒரே முகத்தைக் காட்டுகின்றன. வேறுபாட்டை விரலால்தான் அறிய முடியும். தாகத்தால் வாடிய மடல் மெலிந்து சுருங்கியிருந்தாலும் கெட்டியாக இருக்கும். அழுகலால் வாடியதோ மஞ்சளித்து, கொழகொழத்து, கண்ணாடி போல் தோன்றும். அன்னையார் ஒவ்வோர் இலையாகத் தொட்டுப் பார்த்ததன் பொருள் இதுவே. "அது கேக்கும்" என்றார்களே, அந்தக் கேள்வியை அவர்கள் விரல் நுனியால் செவிமடுத்தார்கள்.

* * *

நம் கொங்கு நாட்டின் தட்பவெப்பம் இச்செடிகளுக்கு இயல்பாகவே உகந்தது. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரத்தில், மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் உள்ளது. ஆண்டு மழை 600 முதல் 700 மில்லிமீட்டர் வரையே. அதிற் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றோ, மழையைக் கேரளத்திலேயே இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு குளிர்ச்சியை மட்டும் நமக்குக் கொண்டு வருகிறது. அந்தக் காற்றுதான் நம் தொட்டிகளின் மருத்துவர். நனைந்த மண்ணை ஒரே நாளில் உலர்த்திவிடும். நமது ஊரின் இரவுகளும் சென்னையின் இரவுகளைப் போல் புழுங்குவதில்லை. இரவில் கதவு திறக்கும் செடிக்கு இது பெரிய வரமன்றோ?

ஆகவே இங்கே நாம் கைக்கொள்ளும் முறை எளியது. பங்குனி, சித்திரை, வைகாசியில் வாரம் ஒருமுறை, மண் அடி வரை உலர்ந்த பின், அடித்துளையில் வழியும் வரை ஊற்றுகிறோம். ஆடிக் காற்றில் மண் விரைந்து காயுமாதலால் அக்காலத்திலும் அவ்வாறே. ஐப்பசி, கார்த்திகையில் தொட்டிகளைத் தகரக் கூரையின் கீழ் நகர்த்திவிட்டு, செம்பையே எடுப்பதில்லை. மார்கழி, தையில் பாலைவன ரோஜா இலையுதிர்த்து உறங்கும். உறங்குபவனுக்கு எதற்குச் சோறு? மாதம் இருமுறை மண்ணின் மேல் சிறிது தெளித்தாலே மிகுதி.

மண் கலவையும் அவ்வாறே. கரிசல் மண் நீரைப் பற்றிக்கொண்டு விடாது. அது பருத்திக்கு நல்லது, கற்றாழைக்கு ஆகாது. செம்மண் ஒரு பங்கு, தூசு போகக் கழுவிய எம்-சாண்டு ஒரு பங்கு, பட்டாணி அளவுக்கு உடைத்த செங்கற்சில்லு ஒரு பங்கு, மட்கிய சாண எரு ஒரு கைப்பிடி, இவ்வளவே. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் நாளடைவில் மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்காகப் படியும். ஆண்டுக்கொரு முறை மண்ணை மாற்றியோ, மழைநீரால் அலசியோ அதைப் போக்கவேண்டும். திருகுக்கள்ளி, பாலைவன ரோஜா ஆகியவற்றின் பால் நஞ்சு; கண்ணிற் பட்டால் பெருந்துன்பம். குழந்தைகள் உள்ள வீட்டில் அவற்றை எட்டாத உயரத்தில் வைப்பதே அறிவுடைமை.

* * *

இவ்வளவும் கற்ற பின், 'வெயிலும் வறட்சியும் உள்ள ஊரெல்லாம் இச்செடிகளுக்கு ஒன்றே' என்ற முடிவுக்கு வந்தோம். அது நாம் செய்த இரண்டாவது தவறு.

விடுப்பு முடிந்து மஸ்கட்டுக்குத் திரும்பியபோது, அங்கு அண்டை வீட்டு ஒமானியப் பெரியவர் ஒருவர் கற்றாழைக் குட்டி ஒன்றைக் கொடுத்தார். கோவையில் கற்ற பாடத்தின்படி, கோடையில் வாரம் ஒருமுறை நீர் வார்த்தோம். செடி வேரோடு வெந்தது. வெந்தது என்பது உவமையன்று. அங்கே கோடையில் பகல் வெப்பம் 40 பாகைக்கு மேல். இரவிலும் 30-க்குக் கீழ் இறங்காத நாட்கள் பல. வெயிலில் காய்ந்த சிறு தொட்டியில் ஊற்றிய நீர் சூடேறி வேரை அவித்துவிட்டது. பெரியவர் சிரித்தார். "கோடையில் அது உறங்கும், நிழலில் விட்டுவிடு. மழை குளிர்காலத்தில்தான் வரும், நீயும் அப்போதுதான் ஊற்றவேண்டும்" என்றார். ஆண்டுக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் மழையே காணும் அந்த ஊரில், குளிர்காலமே செடிகளின் வசந்தம்.

நம் வீட்டு முற்றத்துப் பொருளாக நாம் கருதிவந்த சோற்றுக் கற்றாழையின் பூர்வீகத்தையும் பின்னர் அறிந்தோம். அது அரபு நாட்டுச் செடி என்றும், வட ஒமானின் ஹஜர் மலைப் பாறை இடுக்குகளே அதன் தாயகம் என்றும் தாவர நூலார் இப்போது கருதுகிறார்கள். நாம் பிழைப்புக்குப் போன நாட்டிலிருந்துதான், எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் அது நம் நாட்டுக்கு வந்திருக்கிறது! பாலைவன ரோஜாவும் அவ்வாறே. 1763-இல் யமன் நாட்டில் உயிர் நீத்த பீட்டர் ஃபோர்ஸ்கால் என்ற அறிஞர் அங்கே கண்டு எழுதி வைத்த குறிப்பு, 1775-இல் நூலாக வெளிவந்தது; அதன் அறிவியற் பெயரான 'அடீனியம்' ஏடன் நகரை நினைவூட்டுவது. அரபிக் கடலின் இரு கரைகளுக்கும் இடையே மனிதர்கள் மட்டுமா போய் வந்தார்கள்?

சென்னையில் வாழும் தங்கைக்கு நம் பாலைவன ரோஜாவின் கன்று ஒன்றைக் கொடுத்தோம். கடற்கரையோரத்து வெம்மையில் அது நம் மாடியில் பூத்ததைவிட அதிகமாகப் பூத்தது; உப்புக் காற்றையும் பொருட்படுத்தவில்லை. ஆனால் கார்த்திகை மழையில் கூரையின்றி விட்டதால் அடித்தண்டு அழுகியது. அதே தங்கைக்கு உதகைச் சாலையோரத்தில் வாங்கித் தந்த எச்சவேரியாவோ, தாமரை மலர் போன்ற அந்த நீலச் சாம்பல் அழகி, சென்னையின் முதற் கோடையிலேயே குலைந்துபோயிற்று. அது மெக்சிகோ நாட்டு மேட்டு நிலத்துச் செடி. பகல் வெயில் அதற்குப் பொருட்டன்று. குளிராத இரவுதான் அதன் கூற்றுவன். இரவில் திறக்கவேண்டிய கதவு, புழுக்கத்தில் சரிவரத் திறப்பதில்லை. நமது மாடியிலும் சித்திரை மாதத்தில் அதற்குக் கிழக்கு நோக்கிய நிழலும் காற்றும் தேடித் தரவேண்டியிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவின் கூழாங்கல் போன்ற செடியான லித்தாப்ஸை மூன்று முறை வளர்க்க முயன்று, மூன்று முறையும் தோற்றோம். அதன் உறக்கமும் விழிப்பும் நம் மழைக்காலங்களோடு இசையவேயில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு விட்டுவிட்டோம். மெக்சிகோவும் மஸ்கட்டும் மடகாஸ்கரும் கேப் மாகாணமும் நமக்கு 'பாலை' என்ற ஒரே சொல்லாகப் படுகின்றன. செடிக்கோ, மழை எந்தக் காலத்தில் வரும், இரவு எவ்வளவு குளிரும், காற்றில் ஈரம் எவ்வளவு என்ற மூன்றும் மூன்று வெவ்வேறு உலகங்கள். ஒரு செடியை வாங்கும்போது, 'இதற்கு எத்தனை நாளுக்கொரு முறை தண்ணீர்?' என்று கேட்பதைவிட, 'இது எந்த ஊர்ச் செடி?' என்று கேட்பதே முறை என்பதை இவ்வளவு இழப்புக்குப் பின் கற்றோம்.

* * *

வளராமற் போவது மட்டுமன்று, அளவுக்கு மீறி வளர்ந்துவிடுவதும் துன்பமே. அதற்குச் சப்பாத்திக் கள்ளியின் கதையை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை.

சப்பாத்திக் கள்ளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. அதன்மேல் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து விலையுயர்ந்த செஞ்சாயம் கிடைக்கும். அந்த வாணிபத்தில் ஸ்பானியர் ஈட்டிய செல்வத்தைக் கண்டு, கம்பெனியார் நாவூறினர். சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் 1780-களின் இறுதியில் சைதாப்பேட்டையில் இதற்கென்றே கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-இல் நீல்சன் என்ற கப்டன், பிரேசில் நாட்டு ரியோ நகரிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியைக் கொண்டுவந்து சேர்த்தார். ஆனால் வந்தது அசல் சாயப் பூச்சியன்று. அதன் தாழ்ந்த இனம். சாயம் தேறவில்லை; பூச்சியோ ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது. 1836 முதல் 1838 வரையில் அதைத் தென்னாட்டுக்கும் கொண்டுவந்து, கள்ளியை ஒழிக்கவே பயன்படுத்தினர். செல்வம் தேடி வரவழைத்தது களை பிடுங்கும் வேலைக்கு உதவிற்று!

எனினும் அந்தப் பூச்சி தொடாத மற்றொரு வகைக் கள்ளி, தென்னாட்டின் வறண்ட நிலங்களையெல்லாம் வளைத்துக்கொண்டது. மேய்ச்சல் நிலமும் நடைபாதையும் முட்காடாயின. இறுதியில் 1926-இல் இலங்கையிலிருந்து வேறோர் இனப் பூச்சி வரவழைக்கப்பட்டு, ஐந்தாறு ஆண்டுகளுக்குள் பல்லாயிரக்கணக்கான ஏக்கர் நிலம் விடுபட்டது. களையைப் பூச்சியைக் கொண்டே அடக்கிய உலக வரலாற்றில் இது முக்கியமானதோர் ஏடு. இக்கதையை அறிந்த பின், ஒடிந்த துண்டுகளைக் குளக்கரையிலோ காலி மனையிலோ வீசுவதை அறவே நிறுத்தினோம். ரணகள்ளியின் ஓர் இலை விழுந்தால் விளிம்பெல்லாம் குட்டி போடும். நம் தொட்டியில் அழகாயிருப்பது, பிறர் நிலத்தில் அழிவாகிவிடக் கூடாதல்லவா?

* * *

கள்ளிமுளையானுக்குத் திரும்புவோம். மற்ற ஆறு செடிகளையும் விலை கொடுத்தோ, நண்பர்களிடம் கேட்டோ மீட்டுக்கொண்டோம். அதை மட்டும் எந்த நாற்றங்காலிலும் காணவில்லை. வளைகுடா வாழ்வை முடித்துக்கொண்டு 2014-இல் ஊர் திரும்பியதும், தை மாதத்து ஒரு காலையில் அன்னையாரின் பிறந்த ஊருக்குப் பேருந்து ஏறினோம்.

அவர்கள் ஆடு மேய்த்த மேடு மனைப்பிரிவாகி, கல் நட்டுக் கிடந்தது. மனம் சோர்ந்து சற்று அப்பால் நடந்தபோது, கொரங்காடு ஒன்று தென்பட்டது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்த மேய்ச்சல் நிலத்தைச் சுற்றிக் கிளுவையை நெருக்கமாக நட்டு வேலியாக்குவது கொங்கு நாட்டின் பழைய வழக்கம். கோடையில் இலையுதிர்த்து, மழையில் துளிர்த்து, ஆண்டாண்டாக ஆடுமாடுகளைக் காத்து நிற்கும் உயிர்வேலி அது. அதன் அடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்த நம்மை, ஆட்டுக்குட்டியைக் கையில் ஏந்திய மூதாட்டி ஒருவர் கண்டார்.

"ஏனுங், என்ன தேடறீங்?"

"கள்ளிமுளையான்ங்க, ஆத்தா."

அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்தார். "பஞ்சத்துல தின்னதுங்க அது. இப்ப ஆருங் கேக்கறா?" என்றவர், சற்றுத் தள்ளி, வேலியின் நிழலில் முட்செடிக்கு நடுவே கைவிரல் போல் நீட்டிக்கொண்டிருந்த தண்டுகளைக் காட்டினார். "ரெண்டு வெரல் நீளம் ஒடிச்சுக்குங். வேரோட புடுங்கிப் போடாதீங்."

ஒடித்தோம். கைக்குட்டையில் முடிந்துகொண்டோம். அன்னையார் துணியில் முடிந்து கொணர்ந்ததும் இதே வழியில்தானே என்ற நினைவு வந்தபோது, பேருந்தின் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ள நேர்ந்தது.

வெட்டுவாய் உலரட்டும் என்று நிழலில் ஒரு வாரம் வைத்தோம். பிறகு அடியெல்லாம் ஓட்டையிட்ட தகரம் ஒன்றில் நட்டு, திருகுக்கள்ளியின் நிழலில் வைத்து, பதினைந்து நாள் வரை ஒரு துளியும் நீர் வார்க்காமல் காத்திருந்தோம். நீர் வார்ப்பது எளிது. வார்க்காமல் காத்திருப்பதுதான் கடினம் என்பதை அந்தப் பதினைந்து நாளில் உணர்ந்தோம். கை பலமுறை செம்பின் பக்கம் போயிற்று. வேர் பிடித்தது. அடுத்த ஆண்டு மழைக்குப் பின் தண்டின் நுனியில் கருஞ்சிவப்பான சிறு பூக்கள் மலர்ந்தன. ஈக்கள் மொய்த்தன, மணமென்று சொல்வதற்கில்லை. ஆயினும் நமக்கு அது எந்த மல்லிகைக்கும் தாழ்ந்ததாகப் படவில்லை.

அரபு மொழியில் கற்றாழைக்கும் பொறுமைக்கும் ஸாத், பா, ரா என்ற அதே மூன்று எழுத்துகளே வேர். துன்பத்தில் இருப்போரிடம் 'ஸபுர் செய்யுங்கள்' என்று நாம் சொல்லும் அதே சொல். கற்றாழைச் சாற்றை உலர்த்திய கசப்பு மருந்துக்கு நம் நாட்டு மருந்துக் கடையில் வழங்கும் 'மூசாம்பரம்' என்ற பெயரும் அரபியின் 'முஸப்பர்' என்பதன் திரிபே. புதுவீட்டு வாயிலில் கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் நம் ஊர்த் தெருக்களில் உண்டு. இதே வழக்கத்தைக் கெய்ரோ நகரில் கண்டதாக, எட்வர்டு லேன் என்ற ஆங்கிலேயர் 1836-இல் வெளியிட்ட தமது நூலில் எழுதியிருக்கிறார். மண்ணும் நீருமின்றி ஆண்டுக்கணக்கில் அது உயிர்த்திருப்பதையும், அதன் பெயருக்குப் பொறுமை என்பதே பொருள் என்பதையும் அவர் குறிக்கத் தவறவில்லை. கண்ணேறு கழியுமென்று அதைக் கட்டுவதில் நமக்கு நம்பிக்கையில்லை. ஆனால் வாயிலில் நுழையும்போதெல்லாம் பொறுமை என்ற சொல் தலைக்கு மேல் தொங்குவதில் தவறொன்றுமில்லையே!

பொறுமை என்றால் துன்பத்தைத் தாங்குவது என்றே நெடுங்காலம் கருதியிருந்தோம். நம் ஏழு தொட்டிகளைக் கொன்ற பின்பே அதற்கு மற்றொரு பொருளும் உண்டென்று புரிந்தது. கொடுக்கத் துடிக்கும் கையை, கேட்கப்படும் வரையில் அடக்கி வைத்திருப்பதும் பொறுமைதான். அன்னையார் நம்மிடமும் அவ்வாறே இருந்தார்கள் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. மஸ்கட்டிலிருந்து நாம் தொலைபேசியில் பேசும்போது, "எப்ப வர்றே?" என்று அவர்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. நாம்தான் அதைத் தாகமில்லை என்று தவறாகப் படித்துக்கொண்டோம்.

இப்போது மாடியில் முப்பதுக்கு மேற்பட்ட தொட்டிகள் உள்ளன. கற்றாழைக் குட்டி கேட்டு வருவோர்க்கு இல்லையென்பதில்லை. கள்ளிமுளையானிலும் இரண்டு விரல் நீளம் ஒடித்துத் தருகிறோம். வாங்கிச் செல்வோர், "எத்தனை நாளைக்கு ஒருக்கா தண்ணி ஊத்தோணுங்க?" என்று தவறாமல் கேட்கிறார்கள்.

"தொட்டுப் பாருங்க. அது சொல்லும்" என்கிறோம்.

சிலர் நகைக்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் நகைத்தவர்கள்தாம்.